சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வரி

கேள்வி:

மதிப்புக்குரிய வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் பேஸ்புக்கில் என் படத்தைப் போட்டு மூன்று வரி எழுதினார். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு முழுக்க அது சுற்றிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பெரிய தொகை கேட்டு மானநஷ்ட வழக்குப் போடலாம் என்றிருக்கிறேன். பத்திரிகையில் வேலை பார்க்கும் என் மகளோ, "வேண்டாம்பா, பேச்சுக்கு எல்லை போட ஆரம்பிச்சா கடைசியில எங்க கழுத்துலதான் வந்து நிக்கும்" என்கிறாள். பேச்சுரிமை என்றால் எதை வேண்டுமானாலும் பேசலாமா? எல்லை வேண்டாமா? அந்த மூன்று வரிகளையும் நீக்க வைக்க முடியுமா? பதிவின் அச்சுப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் அனுப்பிய பிரதியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் அந்த மூன்று வரிகளை இங்கே தருகிறேன்.

"காசு வாங்கிக்கிட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்" என்பது முதல் வரி. "இதயமே இல்லாத மனுஷன், பள்ளிக்கூடத்தை ஜெயில் மாதிரி நடத்தினார்" என்பது இரண்டாவது. "இன்னும் அதே வீட்டுலதான் இருக்கார், நாலு பேரா போய் நின்னாத்தான் புத்தி வரும்" என்பது மூன்றாவது. அதற்குக் கீழே உங்கள் தெருப் பெயரும் கதவு எண்ணும்.

இரண்டாவது வரியை நீங்கள் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள், தாள் கிழிகிற அளவுக்கு. முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'முழுப் பொய்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது வரியில் பேனாவே படவில்லை. இதே தாளை என் அலுவலகத்தில் எந்த ஜூனியரிடம் கொடுத்திருந்தாலும் சிவப்பு மை மூன்றாவது வரிக்குப் போயிருக்கும், பென்சில் முதல் வரியில் நின்றிருக்கும், இரண்டாவது வரி வெறுமனே கிடந்திருக்கும். மனசு வலிக்கிற வரிசை வேறு, சட்டம் பார்க்கிற வரிசை வேறு. பேச்சுரிமைக்கு எல்லை வேண்டுமா என்று எல்லாரும் சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான்.

முதலில் உங்கள் பொதுக் கேள்வியை முடித்துவிடுகிறேன். எல்லை உண்டு. எல்லையே இல்லாமல் பேச விட்ட நாடு எனக்குத் தெரிந்து ஒன்றும் கிடையாது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, தன் 19-வது பிரிவில் பேச்சுரிமையைக் கொடுத்த கையோடு அதைக் கட்டுப்படுத்தவும் வழி சொல்கிறது. ஆனால் கட்டுப்படுத்துகிறவர் மேல் மூன்று நிபந்தனை வைக்கிறது. கட்டுப்பாடு சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறருடைய உரிமையையோ நற்பெயரையோ, நாட்டின் பாதுகாப்பையோ, பொது அமைதியையோ, பொது சுகாதாரத்தையோ, ஒழுக்கத்தையோ காப்பதற்காக இருக்க வேண்டும். அதற்கு அது அவசியமாகவும் இருக்க வேண்டும். 'அவசியம்' என்ற அந்தக் கடைசிச் சொல்லில்தான் அரசாங்கங்கள் அடிக்கடி சறுக்கும். இதற்கு மேல் பொதுவாகப் பேசி உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. வரிகளுக்கு வருவோம்.

சிவப்பு மையிலிருந்தே தொடங்குகிறேன். 'இதயமே இல்லாத மனுஷன்' என்று ஒருவர் எழுதினால் அதை எந்த நீதிபதியிடம் கொண்டுபோய் எப்படிப் பொய் என்று காட்டுவீர்கள்? இருதய ஸ்கேன் எடுத்தா? சிரிக்கச் சொல்லவில்லை, ஐயா. எங்கள் தொழிலில் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். உண்மையா பொய்யா என்று சரிபார்க்க முடிகிற வாக்கியம் தகவல். அப்படிப் பார்க்க முடியாதது அபிப்பிராயம். 'ஜெயில் மாதிரி' என்பதும் அபிப்பிராயம்தான். அதைப் படித்த யாரும் உங்கள் பள்ளிக்குக் கம்பி போட்டிருந்தது என்று நினைத்துக்கொள்ளப் போவதில்லை. 31 வருடம் கண்டிப்பாக இருந்த ஒருவரைப் பற்றி ஒரு மாணவன் சுமந்துகொண்டிருந்த கசப்பு அது. நியாயமற்றதாக இருக்கலாம், நன்றிகெட்டதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை வைத்திருக்கவும் வெளியே சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

இதில் உங்கள் தொழிலோடு ஒட்டிய ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் ஹேண்டிசைட் என்ற பதிப்பாளர் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். அதில் பாலியல் பற்றிய பகுதி ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறிமுதல் செய்து அவருக்கு அபராதமும் போட்டார்கள். வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1976-இல் வந்த தீர்ப்பில், எல்லாரும் ஏற்றுக்கொள்கிற பேச்சுக்கு மட்டுமல்ல, அரசையோ மக்களில் ஒரு பகுதியினரையோ புண்படுத்துகிற, அதிரவைக்கிற, கலங்கவைக்கிற பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிற வரி அது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் ஹேண்டிசைட் தோற்றுப்போனார். சிறுவர்களின் ஒழுக்கம் என்று வந்தால் அந்தந்த நாட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய தத்துவத்தைச் சொன்ன கையோடு எதிர்ப்பக்கம் தீர்ப்பு எழுதுவது நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. தத்துவம் மட்டும் நின்றது.

புண்படுதலையே குற்றமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்தது. இணையத்தில் 'எரிச்சல்', 'தொந்தரவு' உண்டாக்கும் செய்தி அனுப்பினால் மூன்று வருடம் வரை சிறை. யாருக்கு எரிச்சல்? எவ்வளவு எரிச்சல்? சட்டத்தில் பதில் இல்லை. 2012-இல் ஒரு முகநூல் பதிவுக்காக ஓர் இளம்பெண்ணையும், அதற்கு லைக் போட்டதற்காக அவருடைய தோழியையும் கைது செய்தார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஒரு கருத்தைப் பற்றிப் பேசுவது, அதற்காக வாதாடுவது, அதைச் சொல்லி ஆட்களைத் தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதைத் தொட்டால்தான் தடை என்று சொன்னது. இந்த மூன்று பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றாவது வரிக்கு இது தேவைப்படும்.

அதனால் இரண்டாவது வரியை நீக்க வைக்க முடியாது. முடிந்தாலும் நான் முயலமாட்டேன். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும்.

முதல் வரி வேறு ரகம். காசு வாங்கினாரா இல்லையா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான். பொய்யென்றால் அது அவதூறு. பெயர் என்பது ஒருவர் முப்பது வருடம் சேர்த்து வைத்த சொத்து. அதை ஒரே வரியில் பறிப்பதற்குப் பேச்சுரிமை என்று பெயர் வைக்க முடியாது. இங்கே நான் உங்கள் பக்கம்.

ஆனால் உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கூடாது என்ற எளிய விஷயத்துக்கே எவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது தெரியுமா? ஆங்கிலச் சட்டத்தில் ஒரு காலத்தில், எழுதியது உண்மையா என்று கேட்கவே மாட்டார்கள். உண்மையாக இருந்தால் குற்றம் இன்னும் பெரிது என்றார்கள், ஏனென்றால் உண்மைதான் ஆட்சியாளருக்கு அதிகமாக உறைக்கும். 1735-இல் நியூயார்க்கில், ஆளுநரைத் தாக்கி எழுதிய பத்திரிகையை அச்சடித்த ஜான் பீட்டர் ஜெங்கர் என்பவர் எட்டு மாதத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டு விசாரணைக்கு வந்தார். "ஆமாம், அச்சடித்தார். ஆனால் அதில் பொய் எது?" என்று அவருடைய வக்கீல் ஆண்ட்ரூ ஹாமில்டன் ஜூரிகளைப் பார்த்து வாதாடினார். அச்சடித்தாரா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள், மற்றது எங்கள் வேலை என்றார் நீதிபதி. ஜூரிகள் கேட்கவில்லை, விடுதலை செய்தார்கள். சட்டம் அன்றே மாறிவிடவில்லை. ஆனாலும் அதிலிருந்து இந்தக் கேள்வியை யாராலும் அடக்க முடியவில்லை.

இந்த இடத்தில் உங்களைக் கேட்டே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் சேர்க்கை நாளன்று பெற்றோர் யாராவது கட்டட நிதி, பெற்றோர் சங்க நிதி என்று ரசீது போட்டுப் பணம் கட்டினார்களா? கட்டியிருந்தால் அன்று பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு ரசீது தெரிந்திருக்காது, அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். பத்து வருடம் கழித்து அது 'காசு வாங்கிக்கிட்டுத்தான் சேர்த்தார்' என்று ஆவதற்கு வஞ்சகம் எதுவும் தேவையில்லை. தெரிந்தே சொன்ன பொய்க்கும் தப்பாகப் புரிந்துகொண்டு சொன்னதற்கும் இடையே ஒரு இடைவெளி இருக்கிறது.

அமெரிக்காவில் 1964-இல் முடிந்த சல்லிவன் வழக்கு இந்த இடைவெளியில்தான் நின்றது. கறுப்பின மாணவர்களின் போராட்டத்தை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சின்னச் சின்னப் பிழைகள் இருந்தன. மாணவர்கள் பாடிய பாட்டைத் தப்பாகச் சொல்லியிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் 4 முறை கைதானதை 7 என்று போட்டிருந்தார்கள். மாண்ட்கமரி நகரத்தின் அதிகாரி சல்லிவனுடைய பெயர்கூட அதில் கிடையாது. அப்படியிருந்தும் அலபாமா ஜூரிகள் அவருக்கு 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அரசு அதிகாரியைப் பற்றி எழுதும்போது, பொய் என்று தெரிந்தே எழுதினார் அல்லது உண்மையா என்று துளியும் கவலைப்படாமல் எழுதினார் என்று அதிகாரிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு பிழைக்கும் அபராதம் என்றால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அதன் காரணம்.

எல்லா நாடும் இவ்வளவு தூரம் போகவில்லை. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 'நான் சொன்னது உண்மை' என்று காட்டவேண்டிய சுமை சொன்னவர் தலையில்தான். அவதூறுக்குச் சிறை வேண்டாம், இழப்பீடு போதும் என்று இலங்கை 2002-இலும் இங்கிலாந்து 2009-இலும் சட்டம் மாற்றின. இந்தியாவில் சிறை இன்னும் இருக்கிறது, 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றுவிட்டது. என் சொந்த அபிப்பிராயம், பெயரைக் கெடுத்ததற்குக் கம்பி எண்ண வைப்பது அதிகம். திருத்தமும் இழப்பீடும் போதும்.

இனி நீங்கள் பேனா வைக்காத மூன்றாவது வரி.

எல்லையைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், "நெரிசலான தியேட்டரில் 'தீ' என்று கத்தலாமா?" என்று கேட்பார். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலும் அது இருக்கிறது. அதைச் சொன்னது அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ், 1919-இல், ஷெங்க் வழக்கில். அவர் எழுதியதில் 'நெரிசலான' என்ற சொல் கிடையாது. 'பொய்யாக' என்ற சொல் உண்டு. சொல்லிச் சொல்லி நெரிசல் சேர்ந்துவிட்டது, பொய் கழன்றுவிட்டது. அதைவிட முக்கியம், அந்த ஷெங்க் எந்தத் தியேட்டரிலும் கத்தவில்லை. கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். அதற்குத்தான் சிறை. அடுத்த வாரமே அதே நீதிமன்றம், அதே ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில், யூஜீன் டெப்ஸ் என்ற அரசியல் தலைவர் ஒரு மேடையில் போரை எதிர்த்துப் பேசியதற்குக் கொடுக்கப்பட்ட 10 ஆண்டுச் சிறையை உறுதி செய்தது. டெப்ஸ் 1920-இல் சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். தீ உதாரணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்திய முதல் நாளே அது ஒரு துண்டறிக்கைக்காரரின் மேல் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

ஹோம்ஸுக்கே உறுத்தியிருக்க வேண்டும். அந்த வருடம் நவம்பரில் இன்னொரு துண்டறிக்கை வழக்கில் மற்ற நீதிபதிகளோடு முரண்பட்டு மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில்தான் அமெரிக்கச் சட்டம் ஒரு நிலைக்கு வந்தது. பேச்சு உடனடியாக ஒரு சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கத்தில் இருக்க வேண்டும், அது நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் தண்டிக்கலாம். அந்த வழக்கில் தப்பியவர் கு க்ளக்ஸ் க்ளான் தலைவர் ஒருவர். அவருடைய பேச்சைப் படித்தால் குமட்டும்.

எதிர்ப்பக்கம் ருவாண்டா. 1994-இல் அங்கே துட்சி இன மக்கள் மேல் இனப்படுகொலை நடந்தபோது, ஆர்டிஎல்எம் என்ற வானொலி அவர்களைக் கரப்பான் பூச்சிகள் என்றது. அதோடு நிற்கவில்லை. ஆட்களின் பெயரை, அவர்கள் இருக்கும் இடத்தை, வண்டி எண்ணை ஒலிபரப்பியது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் அரிவாளோடு சாலைத் தடுப்புகளில் நின்றார்கள். வானொலியை நடத்தியவர்களை ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்தது. 2007 மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாகித் தண்டனைக் காலம் குறைந்தது, ஆனாலும் வானொலியை நிறுவியவர்களில் ஒருவர் மேல் இனப்படுகொலைக்குத் தூண்டிய குற்றம் நிலைத்தது.

நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தில் 1946-இல் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூத வெறுப்பைப் பரப்பிய பத்திரிகை நடத்திய ஸ்ட்ரைச்சரைத் தூக்கிலிட்டார்கள். யூதர்களை அழித்தொழிக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாக எழுதிவந்தார், கிழக்கு ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்றுகொண்டிருந்தபோதும் எழுதினார். நாஜி அரசின் வானொலிப் பேச்சாளர் ஃபிரிட்ஷேயை அதே நீதிமன்றம் விடுவித்தது. அவர் பேச்சிலும் யூத வெறுப்பு இருந்தது, ஆனால் கொடுமை செய்யும்படி மக்களைத் தூண்டும் நோக்கம் நிரூபணமாகவில்லை. ஒரே கூண்டில் நின்ற இரண்டு பேர். எரிகிற புண் காய்வதற்குள் உட்கார்ந்த நீதிபதிகள், வெறுப்பையும் தூண்டுதலையும் அளந்து பிரித்தார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஐ.நா. நிபுணர்கள் 2012-இல் மொராக்கோவின் ராபாத் நகரத்தில் கூடி, வெறுப்புப் பேச்சைக் குற்றமாக எடுக்கும் முன் பார்க்கவேண்டியவை என்று ஆறு விஷயங்களைச் சொன்னார்கள்: சூழல், பேசுகிறவரின் செல்வாக்கு, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், அது எவ்வளவு தூரம் போகிறது, தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு. அது இன, மத வெறுப்புக்காகச் செய்யப்பட்டது, உங்கள் விவகாரத்துக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரியைப் பார்த்தேன். எழுதியவர் செல்வாக்குள்ள ஆள் இல்லை. உங்களை அடிக்க வேண்டும் என்று நேராக எழுதவும் இல்லை. ஆனால் வயதான ஒருவர், கோபத்தோடு பரவிக்கொண்டிருக்கும் ஒரு பதிவு, 'நாலு பேரா போய்' என்ற அழைப்பு, அதற்குக் கீழே கதவு எண். வாயால் திட்டுவது வேறு, வழி காட்டி அனுப்புவது வேறு. அந்த முகவரியில் எந்தக் கருத்தும் இல்லை, ஐயா. அதை எடுக்கச் சொன்னால் யாருடைய பேச்சும் குறையப் போவதில்லை.

அதனால் வரிசை இப்படி. நாளைக் காலையில் காவல் நிலையத்தில் மூன்றாவது வரிக்கு மட்டும் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் பதிந்ததற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பேஸ்புக்கில் புகார் செய்யும்போதும் 'என் வீட்டு முகவரியை என் அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள்' என்ற காரணத்தையே சொல்லுங்கள். 'என்னை அவமதிக்கிறார்' என்றால் அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மினிடம் நீங்களே பேசி முகவரியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

முதல் வரிக்கு ஒரு நோட்டீஸ் போதும். அதில் தொகை வேண்டாம். 'சேர்க்கைக்கு நான் பணம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பொய். என்ன ஆதாரம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் 15 நாளில் அதே இடத்தில் திருத்தம் போடுங்கள்.' இவ்வளவுதான். கட்டட நிதி ரசீதுப் புத்தகம் ஏதாவது இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

ஏன் பெரிய தொகை வேண்டாம் என்கிறேன் என்றால், அதில்தான் உங்கள் மகள் சொல்வதில் உள்ள உண்மை இருக்கிறது. எல்லை சட்டப் புத்தகத்தில் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் ஆட்களின் வாயை அடைப்பது பெரும்பாலும் அந்தக் கோடு இல்லை, வழக்கு நடக்கிற விதம். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு சிறு பத்திரிகைக்காரர் வந்தார். ஒரு ஒப்பந்தக்காரரின் முறைகேட்டைப் பற்றி எழுதியிருந்தார், எழுதியதெல்லாம் ஆவணத்தோடு இருந்தது. எதிர்த்தரப்பு கேட்ட தொகையைப் பார்த்தே அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வாய்தா மேல் வாய்தா. மாதம் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு துணிப்பை, அதில் அந்த இதழின் கட்டு. கடைசியில் ஜெயித்தோம். தீர்ப்பைச் சொல்லப் போன் போட்டபோது, "பத்திரிகையை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சும்மா" என்றார். எதிர்த்தரப்புக்கு ஜெயிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதே வயதில் நானும் இன்னொரு கட்சிக்காரருக்காக அப்படி ஒரு தொகை போட்டு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

லண்டனில் ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்ற இரண்டு பேர் மேல் மெக்டொனால்ட்ஸ் போட்ட வழக்கு இதற்குப் பெரிய உதாரணம். ஒரு துண்டறிக்கைக்காக 1990-இல் தொடங்கி 1997-இல் தீர்ப்பு. 300 நாளுக்கு மேல் நீதிமன்றத்தில் விசாரணை, அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. அவர்கள் சொன்னதில் சில உண்மை, சில நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பாகி, இழப்பீடு கட்டச் சொன்னார்கள். 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவ்வளவு பெரிய வழக்கில் சட்ட உதவி கொடுக்காமல் விட்டது அவர்களுடைய உரிமையை மீறியது என்றது. சட்டம் சரியாகவே இருந்தாலும் தராசின் ஒரு தட்டில் மட்டும் ஆள் உட்கார்ந்திருந்தால் அது நியாயம் ஆகாது.

மகள் பயப்படுவதில் இன்னொன்றும் இருக்கிறது. தடை போட்டால் வெறுப்பு அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஜெர்மனியில் 1925-இல் ஹிட்லர் பொதுக்கூட்டத்தில் பேசப் பல மாநிலங்கள் தடை போட்டன. அவருடைய கட்சி அவர் வாயில் கட்டுப் போட்ட படத்தைச் சுவரொட்டியாக அடித்து, உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் ஜெர்மனியில் பேச உரிமை இல்லை என்று அனுதாபம் தேடியது. 1933 பிப்ரவரி 28-இல் அவசரநிலை ஆணை ஒன்றில் எல்லாருடைய பேச்சுரிமையும் போனது. அந்த ஆணைக்கான அதிகாரம் ஏற்கெனவே அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவில் இருந்தது. கருவியைச் செய்தவர்களும் அதைப் பிடித்தவர்களும் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் மகளோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. எல்லையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் ருவாண்டாவின் அந்த வானொலிக்கு என்ன பதில்? எல்லையைக் குறுக்கலாம், பேசிய பிறகு பார்க்கலாம், பேசுவதற்கு முன்பே வாயைப் பொத்துவதை முடிந்தவரை தவிர்க்கலாம், தீர்ப்புச் சொல்லும் வேலையைப் பாதிக்கப்பட்டவரிடமும் ஆட்சியில் இருப்பவரிடமும் கொடுக்காமல் இருக்கலாம். எடுத்தே எறிய முடியாது.

ஒன்று மறந்துவிட்டேன். இரண்டாவது வரிக்கு நீங்கள் வழக்குப் போட முடியாதே தவிர, பதில் எழுதலாம். அந்த மாணவரை உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கடிதத்தில் சொல்லவில்லை. நினைவிருந்தால், எந்த வகுப்பில், என்ன நடந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

கடைசியாக ஒரு அவசரம். அவதூறு இழப்பீட்டு வழக்குக்கு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓராண்டுதான் காலக்கெடு, வேறு பல இடங்களிலும் அதே அளவுதான். நோட்டீஸுக்குப் பதில் வராமல் போனால் தேதி முக்கியமாகிவிடும். நீங்கள் அனுப்பிய பிரதியில் தேதி இல்லை, மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. பதிவின் முகவரி, தேதி, நேரம், எழுதியவர் பெயர் எல்லாம் தெரிகிற மாதிரி இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மகளிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார். மூன்று வரியும் முழுசாக இருக்கட்டும், சிவப்பு மை இல்லாமல்.